பாம்பன் பாலத்தைப் பகலில் கடக்க வேண்டும்

பொங்கல் முடிந்த வாரம் அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "அந்தப் புதுப் பாலத்துல ஒரு தடவ போயிட்டு வரணும்டி. ராத்திரியில வேணாம். கடல் தெரியணும்."

அம்மாவுக்கு 68 வயது. கல்யாணமான புதிதில், 1978இல், அப்பாவோடு ராமேஸ்வரம் போயிருக்கிறார். அப்போது சாலைப் பாலம் கிடையாது. அது 1988இல்தான் திறந்தது. தீவுக்குள் போக ரயில்தான் வழி. "ஜன்னல்ல எட்டிப் பாத்தா கீழ தண்டவாளமே தெரியாது, தண்ணி மேலயே வண்டி போற மாதிரி இருக்கும். உங்கப்பா என் கையப் புடிச்சுக்கிட்டே வந்தாரு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள்.

தீவுக்குப் போகலாம் என்றதும் என் மகள் அந்தமான் என்றாள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம்தான், ஆனால் இறங்கிய பிறகு ஹேவ்லாக் தீவுக்குப் போகக் கப்பல் பிடிக்க வேண்டும். சனி ஞாயிறு அதற்குப் போதாது. நான்கைந்து நாள் லீவு இருக்கும்போது போவோம் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

ஆக, ராமேஸ்வரம். வெள்ளி இரவு ரயில், சனி ஞாயிறு அங்கே, திங்கள் விடியலில் சென்னை. பாலத்தைப் பகலில் கடக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை முதலில் வைத்து, மற்றதையெல்லாம் அதற்கேற்ப அமைத்தேன். சென்னையிலிருந்து கிளம்பும் ரயில்களில் இருட்டிலேயே பாலத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு, விடிகிற நேரத்தில் தாண்டுவதும் உண்டு. டிக்கெட் எடுக்கும்முன் ராமேஸ்வரத்துக்கு எப்போது போய்ச் சேருகிறது என்று பார்ப்பதைவிட, பாலத்துக்கு முந்தின நிலையமான மண்டபத்துக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். மண்டபத்தை விட்டால் அடுத்தது கடல்தான். திரும்பி வரும்போதும் அதே கணக்கு: மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பும் வண்டியாக எடுத்தேன். காலையில் தாமதமாகி, மேகம் மூடி, எதுவானாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டி என்றால் காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். எங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, ஆனாலும் ஒரு வழி கைகொடுத்தது. 45 வயது தாண்டிய பெண்களும் 60 தாண்டிய ஆண்களும் தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு டிக்கெட், மகளுக்குத் தனி டிக்கெட். முட்டி வலியோடு இருக்கிற அம்மாவை நடுப்படுக்கையில் ஏற்ற முடியாது. அதனால் இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் ஏறினோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். எட்டரை மணிக்கெல்லாம் அம்மா படுத்துவிட்டார்.

ஆறு மணிக்கு நான் எழுந்தபோது அம்மா ஏற்கெனவே முகம் கழுவி, தலை வாரி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மண்டபம் தாண்டியதும் வண்டி மெதுவாகியது. வெளியே சாம்பல் வெளிச்சம். முதலில் சில படகுகள், பிறகு கரை விலகி, இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, கப்பல் வந்தால் அப்படியே நேராக 17 மீட்டர் மேலே எழும். பழைய பாலத்தில் அது இரண்டு கையாக விரியும். ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். அந்தப் பழைய இரும்பு இன்னமும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அம்மா புதுப் பாலத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் நெற்றி முட்டப் பழையதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. மகள் பாட்டியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தங்கும் இடத்தில்தான் பிசகினேன். கோயிலுக்கு ஐந்து நிமிட நடை என்று செயலியில் போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் அறை இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறியதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. மதியம் வேறு இடத்துக்கு மாறினோம். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பதிவு செய்யும்முன் விடுதிக்கே போன் போட்டு, எந்த மாடி, லிப்ட் உண்டா, கழிப்பறை எந்த மாதிரி என்று கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை முழுக்கக் கோயிலுக்கு. முதலில் அக்னி தீர்த்தம் என்கிற கடல், பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நின்றபடி கயிறு கட்டிய வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தரை முழுக்க ஈரம், கல் வழுக்குகிறது. பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்; அம்மா கேட்கவில்லை. என் தோளை ஒரு கையாலும் பேத்தியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார். ஒரு கிணற்றுத் தண்ணீர் சில்லென்றும் அடுத்தது வெதுவெதுப்பாகவும் இருந்தது. உதட்டில் பட்டால் ருசியும் மாறுவது தெரிந்தது. ஓரிடத்தில் இறைப்பவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, "அம்மா, சுவத்தப் புடிச்சுக்குங்க" என்று சொல்லி, தலையில் வேகமாகக் கொட்டாமல் தோள் வழியாக மெல்லச் சரித்து ஊற்றினார். அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாற்றுத் துணி அவசியம் எடுத்துப் போங்கள். ஈரத்தோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள்.

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் நன்றாகத் தூங்கினோம். வேறெதையும் அந்த நேரத்தில் வைக்காதது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து தூக்கிப் போட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த பையன் இந்த ஊர்க்காரர்தான் என்று மகளிடம் சொன்னேன். இரவு மறுபடி கோயிலுக்கு, வெளிப் பிராகாரத்தில் நடக்க மட்டும். 1212 தூண்கள் என்கிறார்கள். கூட்டம் குறைந்தபின் அந்த நீளம் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிகிறது.

ஞாயிறு விடியலில் தனுஷ்கோடி. முந்தின இரவே பேசி வைத்த ஆட்டோ ஐந்தே முக்காலுக்கு வந்தது. ஆட்டோ அண்ணன் அந்தத் தீவிலேயே பிறந்தவர். போகும் வழியில் இடது பக்கம் காட்டி "இது பெண் கடல்", வலது பக்கம் காட்டி "அது ஆண் கடல்" என்றார். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. "கச்சான் காத்து வந்தா ஆண் கடல் ஆடும். வாடக் காத்துல பெண் கடல் ஆடும்." கச்சான் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. நாங்கள் போனது வாடை அடங்கி வரும் சமயம். இரண்டும் அமைதியாக இருந்தன. ஓரத்துத் தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் சூரியன் எழுந்தது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே குளிக்க இறங்கவே இறங்காதீர்கள், உள்ளிழுப்பு அதிகம். மாலையானால் போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள் என்பதால் விடியற்காலைதான் சரியான நேரம்.

திரும்பும்போது இடிந்து கிடக்கும் பழைய தனுஷ்கோடி ஊரில் இறங்கினோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் உள்ளே வந்து ஊரையே எடுத்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட ஜனங்களோடு, நிலையத்தை நெருங்குமுன் கடலுக்குள் போய்விட்டது. மாதா கோயிலின் சுவர்கள் நிற்கின்றன. கைவைத்துப் பார்த்தால் கல்லில் சிறு சிறு துளைகள். பவழக் கல் அது. மகள் அந்தத் துளைகளை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

அதைவிட எனக்குள் தங்கிவிட்டது ஒரு தண்ணீர்க் குழி. கடலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இருக்காது. மணலில் இடுப்பளவு பள்ளம், அடியில் ஒரு சாண் தண்ணீர். ஓர் அக்கா குனிந்து கொட்டாங்கச்சியால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் மணல் கலங்கும் என்று, ஒரு தடவை மோந்துவிட்டுத் தெளியும்வரை காத்திருந்தார். "குடிச்சுப் பாருங்க" என்று என் கையில் ஊற்றினார். துளி உப்பில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது. தோண்டினால் உப்பு ஏறிவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சி உறிஞ்சிக் கிணறு உவர்த்துப்போன கடலோரச் சென்னையில் இருக்கிறவள் நான். அந்தக் கொட்டாங்கச்சியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் நாள் முடிந்ததால் மீனுக்குத் தடையில்லை. அங்கேயே ஒரு கீற்றுக் கொட்டகையில் நெத்திலி வறுவலும் கணவாயும். அம்மாவுக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, நெத்திலியை அப்படியே சாப்பிட்டார்.

ரயிலுக்கு முன் அம்மா தங்கச்சிமடத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர் அது. பத்து நாற்று வாங்கி, வேரோடு ஈரச் சாக்கில் சுற்றி, பனையோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நகையைப் பிடித்துக்கொள்வது மாதிரி அதை மடியிலேயே வைத்திருந்தார்.

வண்டி கிளம்பியபோது நல்ல வெயில். இந்த முறை பாலத்தில் ஏறியதும் அம்மா பெட்டியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, "வா" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனார். சாத்திய கதவின் ஜன்னல் வழியே நின்று பார்த்தோம். கீழே தண்ணீர் பச்சையாக, அடி மணல் தெரியுமளவு தெளிந்து கிடந்தது. பழைய பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"நீ அப்ப வயித்துல அஞ்சு மாசம்" என்றார் அம்மா. எனக்கு அது தெரியாது. இத்தனை வருடமாக அந்தக் கதையைக் கேட்டும், நானும் அந்த வண்டியில் இருந்தேன் என்று அவர் சொன்னதே இல்லை.

பாம்பன் கரை மறைந்து மண்டபம் வரும்வரை அம்மா என் கையை விடவில்லை.