சான்சிபாருக்கு நாள் பார்த்த கதை

மே 11, ஞாயிறு

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற சான்சிபார் தீவுக்குப் போகலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இன்றுதான் ஒருவழியாக உட்கார்ந்து பார்த்தேன். பையனுக்குக் கோடை விடுமுறை விடுகிற நேரம் அங்கே அடைமழை. மார்ச்சில் பிடித்தால் மே வரை விடாதாம். மசிகா என்று பெயர். நவம்பரில் வூலி, சின்ன மழை. அரையாண்டு லீவில் போகலாமென்றால் கிறிஸ்துமஸ் கூட்டம். அறை வாடகையைப் பார்த்ததும் இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மிச்சம் காலாண்டு லீவு. செப்டம்பர் கடைசியில் மழை இருக்காது, தென்கிழக்குக் காற்றும் தணிய ஆரம்பித்திருக்கும். சரி, அதுவே.

மே 14, புதன்

வடக்கே நுங்வி, கெண்ட்வா பக்கம் எந்த நேரமும் கடலில் இறங்கலாம். கிழக்கே பாஜே, ஜம்பியானியில் கடல் உள்வாங்கினால் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். புத்திசாலிகள் வடக்கே போவார்கள். நான் ஜம்பியானியைப் பிடித்துக்கொண்டேன். காரணம், அங்கே வீடு வாடகைக்கு விடும் அம்மா அனுப்பிய ஒரு படம். இரண்டு பக்கமும் மிதவைக்கட்டை கட்டிய படகு ஒன்று வெறும் மணலில் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு அந்தப்பக்கம் கணுக்கால் தண்ணீரில் பெண்கள் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு இழுத்து, கயிற்றில் கடல்பாசியைக் கொத்துக் கொத்தாக முடிந்துகொண்டிருக்கிறார்கள். "அம்மா, கடல் எங்கம்மா?" என்றான் பையன்.

மாமா கடலோரத் தொண்டிக்காரர். சோபாவிலிருந்தே சொன்னார்: "அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் அப்படி வத்தும். நடுவுல அஷ்டமிக்கு அவ்வளவு போகாது." எழுந்துபோய்க் காலண்டரைப் புரட்டினார். செப்டம்பர் 30, புரட்டாசி 14, அஷ்டமி. நாங்கள் அங்கே இருக்கும் வாரத்தின் நட்டநடு! கடல்மட்ட அட்டவணையும் ஒத்துப்போகிறது. அந்த இரண்டு மூன்று நாளும் காலை பத்து மணி வாக்கில் நீர் ஏறியிருக்கும்.

"அஷ்டமி நவமியில எவனாவது உல்லாசப் பயணம் போவானா?" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் அந்த நாட்களின் கடலுக்கு 'மாஜி மாஃபு' என்று பெயர். செத்த தண்ணீர். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரே குறை, பாசிக்காரப் பெண்களுக்கு நன்றாக வற்றினால்தான் வேலை. நாங்கள் கிளம்பும் நான்காம் தேதி வாக்கிலாவது கண்ணில் படுவார்களா பார்ப்போம்.

மே 18, ஞாயிறு

அசடு வழிந்த நாள். படகு எத்தனை மணிக்கு என்று ஜம்பியானி வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு 'சா ம்பிலி' என்று பதில் வந்தது. சா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. ஆஹா, அர்த்தம் தெரிந்துவிட்டது என்ற பெருமையில், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று எழுதிவிட்டேன். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் குரல் பதிவு அனுப்பினார். அவர்கள் இரண்டு மணி என்பது நம் காலை எட்டு. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். ஏழு மணிதான் அவர்களுக்கு ஒன்று. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர், வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும். அதனால் கணக்கு பிசகாது.

மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "உதயாதி நாழிகை. நம்ம ஜாதகத்துல இல்லாததா?"

மே 25, ஞாயிறு

தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனில் இரண்டு நாள். இவருக்கு ராக் பாடகர் பிரெடி மெர்குரி 1946-ல் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1883-ல் கட்டிய 'அதிசய மாளிகை' 2020 டிசம்பரில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. வெளியே நின்று பார்த்தால் போதும்.

இழுத்தடித்தது வேறொன்று. அடிமைச் சந்தை நடந்த இடத்தில் இப்போது ஆங்கிலிக்கன் தேவாலயம் நிற்கிறது. சந்தையை 1873-ல் மூடினார்கள். வளாகத்தில் ஒரு குழி, அதற்குள் ஐந்து கல் உருவங்கள், கழுத்தில் சங்கிலி. சங்கிலி மட்டும் அந்தக் காலத்து நிஜச் சங்கிலி. பத்து வயதுப் பையனுக்கு இது வேண்டுமா என்கிறார் இவர். பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இதை மட்டும் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தெருக்களில் குஜராத்தின் கச்சிலிருந்து போன நம்மவர்கள் பணமும் இருக்கிறது. சுல்தானின் சுங்கத்தையே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் அவர்கள். கிராம்புக்கும் தந்தத்துக்கும் போலவே, வந்திறங்கிய அடிமைக்கும் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கினார்கள்.

கூட்டிப்போகிறோம். குழிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஜூன் 1, ஞாயிறு

டிக்கெட் போட்டாயிற்று. தீவுக்குள் நுழையக் கட்டாயக் காப்பீடு, பெரியவர்களுக்கு ஆளுக்கு 44 டாலர். சுவாஹிலியிலும் அதற்கு 'பீமா'தான், இந்தியில் சொல்கிற அதே பீமா.

அப்புறம்தான் இடி. புரட்டாசியில் நம் வீட்டில் கவுச்சி கிடையாதே! போரோதானி கடற்கரைப் பூங்காவில் ராத்திரி ஆக்டோபஸை அடுப்பில் வாட்டி விற்பார்கள். அந்த வாசனைக்கு நடுவில் நாங்கள் நால்வர்... இல்லை, மூவர். மாமா வரவில்லை. தேடிப் பார்த்ததில் பட்டினி இல்லை: தேங்காய்ப்பால் சாதம், தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ் பயறு, சப்பாத்தி. பிறகு உரோஜோ: மாங்காய்ப் புளிப்பும் மஞ்சளுமாக ஒரு சாறு, அதில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். இறைச்சி போடாமல் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைப் பையன் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.

மாமா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "கிளம்புறது இருபத்தேழு, பஞ்சமி. தோஷமில்ல. அங்க போனப்புறம் வர்ற அஷ்டமி அவங்க ஊரு அஷ்டமி." ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்க அவர் இருக்கிறார். வரும்போது கிராம்பு வாங்கி வரச் சொன்னார், நூறு கிராம் போதுமாம்.