பறப்பதற்கென்று ஒரு தாழ்வாரம்

சமர் தீவில் இருந்த ஒன்பது மாதமும் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'எஞ்சினியர்', அவ்வளவுதான். பிலிப்பைன்ஸில் டாக்டர் என்பதைப் போல எஞ்சினியர் என்பதும் பெயருக்கு முன்னால் வருகிற பட்டம். முதல் வாரம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கூச்சமாகிவிட்டது, ஏனென்றால் அதுவரை நான் மரத்தில் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை. எட்டு வருட அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததெல்லாம் கான்கிரீட்டும் இரும்பும், அதிலும் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் திரையில்.

2013 நவம்பர் 8 அதிகாலையில் யோலாண்டா புயல் முதலில் கரையேறியது சமரின் தென்கிழக்கு முனையில் இருக்கும் கிவான் ஊரில். மற்ற நாடுகளில் அதற்கு ஹையான் என்று பெயர். பிலிப்பைன்ஸ் வானிலை மையம் தன் எல்லைக்குள் வரும் புயலுக்குத் தானே ஒரு பெயர் வைக்கும், ஊரில் அந்தப் பெயர்தான் நிற்கும். 6,300 பேருக்கு மேல் இறந்தார்கள். 11 லட்சம் வீடுகள் போல இடிந்தோ சேதமாகியோ போயின. நான் 2014 மார்ச்சில் சம்பளமில்லா விடுப்பில் போனபோது கிழக்குக் கரை நெடுக தார்ப்பாய்கள்தான். தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துப் படுத்திருந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என்னை அனுப்பிய அமைப்பு சின்னது. 24 சதுர மீட்டரில், குறைந்த செலவில், அடுத்த புயலைத் தாங்குகிற மாதிரி ஒரு மர வீட்டை வடிவமைக்க வேண்டும். ஊர்த் தச்சர்களே அதைக் கட்ட வேண்டும். இதுதான் வேலை. போகிற வழியிலேயே மனசுக்குள் முக்கால்வாசி வரைந்து முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், அதுதான் முதல் தப்பு.

கணக்கு எளிமையானதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். மணிக்கு 250 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ வரும், அது சுவரைத் தள்ளுவதைவிடக் கூரையை மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் ஆபத்து. எங்கள் சின்ன வீட்டுக் கூரையில் மோசமான நேரத்தில் ஏழு டன் அளவுக்குத் தூக்கும். தகரமும் மரமும் சேர்த்து அந்தக் கூரையே அரை டன் தேறினால் அதிகம். ஆக, கூரை கீழே விழாமல் பார்த்துக்கொள்வது இங்கே பிரச்சினையே இல்லை, பறக்காமல் பிடித்து வைக்க வேண்டும். தகரத்தை ரீப்பரோடு, ரீப்பரைக் கைமரத்தோடு, கைமரத்தை உத்திரத்தோடு, உத்திரத்தைத் தூணோடு, தூணைத் தரையோடு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே வீடு அறுந்துவிடும். பணம் மொத்தமும் நல்ல மரத்துக்குப் போய் இணைப்புக்கு நாலு ஆணி மட்டும் மிஞ்சினால் அந்த மரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைத் தச்சர்களுக்குச் சொல்லத்தான் திணறினேன். அவர்கள் பேசுவது வாராய் என்ற உள்ளூர் மொழி, எனக்குத் தெரிந்தது ஆங்கிலம், நடுவில் ஒரு பையன் மொழிபெயர்த்தான், 'உறிஞ்சும் விசை' என்பதை அவன் என்னவாகச் சொன்னானோ, எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு காகிதத் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் மேல்பக்கமாக ஊதிக் காட்டினேன். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் மேலே எழும்பியது. அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் ஊதிக்கொண்டிருந்தார்கள். வார்த்தை எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. யோலாண்டாவுக்கு முன் எச்சரிக்கையில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று சொன்னார்களாம், அதாவது புயல் கடலை உயர்த்திக் கரைக்குள் தள்ளுவது. "சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

மரம் என்று இருந்தது விழுந்த தென்னைதான். தென்னை தேக்கு மாதிரி இல்லை, அதன் வெளிவட்டம் இரும்பு, நடு பஞ்சு. அடிமரத்தின் வெளிப்பக்கத்தில் அறுத்த சட்டம்தான் பாரம் தாங்கும், நடுவில் அறுத்ததைத் தடுப்புக்கு வேண்டுமானால் வைக்கலாம். மண்ணில் புதைத்தால் சீக்கிரமே மக்கிவிடும். இதெல்லாம் நான் படித்துக்கொண்டு போன விஷயம். நான் படிக்காததைத் தலைமைத் தச்சர் காட்டினார். அறுபது வயது இருக்கும், இடது கையில் ஒரு விரல் பாதிதான். நான் ஒரு சட்டத்தின் ஓரத்தில் ஆணி அடித்து அதை நீளவாக்கில் பிளந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஆணியை எடுத்துத் தலைகீழாகக் கல்லில் வைத்து, கூர்முனையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி மழுங்கடித்து அடித்தார். பிளக்கவில்லை. கூர் முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி செய்துகொள்ளும். நான் படித்த எந்தப் பாடத்திலும் இது வரவில்லை, அல்லது வந்த அன்றைக்கு நான் போகவில்லை.

இரண்டு வாரத்துக்கு மட்டும் வந்து சுத்தியல் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. படகும் போய் தென்னையும் போய் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஊர் அது, அங்கே கூலிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. ஆனால் நானும் ரொம்ப யோக்கியன் இல்லை. என் விமான டிக்கெட் காசில் எத்தனை வீட்டுக்கு இணைப்புப் பட்டை வாங்கலாம் என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன், வந்த எண்ணை யாரிடமும் காட்டவில்லை.

அந்தப் பட்டையிலும் சிக்கல் வந்தது. கைமரத்தையும் உத்திரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற, துத்தநாகம் பூசிய உலோகப் பட்டையை என் வரைபடத்தில் தாராளமாகப் போட்டிருந்தேன், முதல் தொகுதி பட்டைகள் மணிலாவிலிருந்து வந்தன, அழகாக இருந்தன. பக்கத்து டவுன் ஹார்ட்வேர் கடைக்காரரிடம் இது கிடைக்குமா என்று கேட்டேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்றார். கடையில் இல்லாத பொருளை நம்பி வரைந்தால் நான் இருக்கிற வரைக்கும்தான் அந்த வரைபடத்துக்கு ஆயுசு. அப்புறம் எந்தக் கடையிலும் கிடைக்கிற தட்டைத் தகரத்தை விரல் அகலத்துக்குக் கத்தரித்து, இரண்டு மடிப்பாக மடித்து, பட்டைக்குப் பதில் பயன்படுத்தினோம். உப்புக் காற்றில் வெட்டின ஓரம் துருப்பிடிக்கும். அதனால் ஓரத்துக்குப் பெயின்ட். மணிலாப் பட்டையைவிட வலு குறைவுதான், இரண்டு இரண்டாகப் போட்டுச் சமாளித்தோம்.

தூணைத் தரையோடு பிடிப்பதில் வந்த பிரச்சினை வேறு மாதிரி. கான்கிரீட் அடித்தளம் ஊற்றி அதிலிருந்து நீளும் கம்பிப் பட்டையில் தூணைக் கட்டுவதுதான் சரியான முறை. நாலு குடும்பங்கள் வேண்டவே வேண்டாம் என்றன. எனக்குக் கோபம்கூட வந்தது, இலவசமாகக் கொடுக்கிறோம், கான்கிரீட் வேண்டாம் என்கிறார்களே என்று. விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. நிலம் அவர்களுடையது இல்லை. நிலத்துக்காரர் குடியிருக்க விடுவார், ஆனால் கான்கிரீட் போட்டால் நிரந்தரமாக உட்காரப் பார்க்கிறாய் என்று காலி செய்யச் சொல்லிவிடுவார். இது போதாதென்று கரையிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கூடாது என்ற அரசு அறிவிப்பு வேறு, அது அமலாகுமா ஆகாதா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நாலு வீட்டுக்கும் பெரிய கான்கிரீட் கட்டிகளைத் தனியே வார்த்துக் குழியில் இறக்கி மேலே மண் மூடினோம். தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நிலத்துக்காரரிடம் அப்படித்தான் சொன்னார்கள், அவரும் சரி என்றார். கட்டுமானத்தில் நான் செய்த கௌரவமான சமரசம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

பெரிய தப்பைக் கூரை விளிம்பில் செய்தேன். கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குக் காற்று அடியில் புகுந்து நெம்பும், அதனால் நீட்டத்தைக் குறைத்து வைப்பதுதான் விதி. ஒன்றரை சாண் அளவுக்கு நறுக்கிவிட்டேன். கூரையை நாலு பக்கமும் சரிவாக, 30 டிகிரியில். காற்றுக்கு அம்சமான வடிவம். முதல் வீடு ஒரு மானாவுக்கு. வாராயில் வயதில் மூத்த பெண்ணை மானா என்பார்கள், அக்கா மாதிரி. மூங்கில் பிளாச்சில் பின்னிய அமாக்கான் தட்டிதான் சுவர். ஜூலை மழையில் சாரல் நேராகத் தட்டியில் அடித்து, உள்ளே பாய் நனைந்து, கீழ் ஓரம் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. மழை இல்லாத நாளில் வெயில் நேராகச் சுவரில். மானா என்னிடம் எதுவும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்தால் என் கூரை விளிம்பில் கயிறு போட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் நிழலில் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கணக்குப் போட்டுக் குறைத்த நீட்டத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டார், அதுவும் கூரையோடு கட்டி!

வருடத்துக்குச் சராசரியாக 20 புயல் அந்த நாட்டு எல்லைக்குள் வருகிறது என்றாலும் ஒரு வீட்டுக்குமேல் பெரும் புயல் அடிப்பது ஏதோ சில மணி நேரம். மீதி நாளெல்லாம் மழை, வெயில், சமையல், துணி காயப்போடுவது, வாசலில் உட்கார்ந்து பேசுவது. நான் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் வீடு வரைந்திருந்தேன். தலைமைத் தச்சரிடம் போய் உட்கார்ந்தேன். தீர்வு ஏற்கனவே தெரிந்த ஒன்றுதான், எனக்குத்தான் தேவைப்படும் என்று தோன்றவில்லை: தாழ்வாரத்தைத் தனியாகப் போடுவது. அதற்குத் தனித் தூண், தனிச் சட்டம், வீட்டுக் கூரைக்கு ஒரு சாண் கீழே, அதோடு ஒட்டாமல். பெரும் காற்று வந்தால் தாழ்வாரம் மட்டும் பிய்த்துக்கொண்டு போகும், வீட்டுக் கூரையை இழுக்காது. மானாவுக்கு விளக்கிச் சொல்லி, புதுத் தகரத்தில் அழகாகப் போட்டுக் கொடுத்தோம். அதற்குப் பிறகு கட்டிய எல்லா வீட்டுக்கும் அப்படித்தான்.

2014 டிசம்பர் 6 ராத்திரி ரூபி புயல் சமரின் கிழக்குக் கரையில் டோலோரெஸ் பக்கம் கரையேறியது. எங்கள் ஊர் அதற்குத் தெற்கே. இந்த முறை யாரும் வீட்டில் இருக்கவில்லை, இரண்டு நாள் முன்பே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் போய்விட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில்தான். ராத்திரி முழுக்க ஒவ்வொரு பெரிய சத்தத்துக்கும் நான் என் இணைப்புகளை மனசில் எண்ணிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் தச்சர் நன்றாகத் தூங்கினார்.

வீடுகள் நின்றன. ஆனால் எங்கள் ஊரில் காற்று யோலாண்டா அளவுக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை, அதனால் இதை வைத்து வடிவமைப்பு ஜெயித்தது என்று அறிக்கையில் எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதச் சொன்னார்கள், 'மிதமான சோதனை' என்று எழுதினேன். எங்கள் பட்டியலிலேயே இல்லாத இரண்டு வீடுகளில் கைமரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே மடித்த தகரப் பட்டை அடித்திருந்ததைப் பார்த்தேன். யார் செய்தார்கள் என்று விசாரித்தேன், தச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மானா வீட்டில் தாழ்வாரம் மட்டும் போயிருந்தது. தகரம் மூன்று வீடு தள்ளி ஒரு வாழைத் தோப்பில் சுருண்டு கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வரைந்த மாதிரியே பிய்ந்திருக்கிறதே! அவரிடம் போய், இது இப்படிப் பறக்கத்தான் வேண்டும், அதனால்தான் உங்கள் வீடு நிற்கிறது என்று உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பறக்கத்தான் வேண்டும் என்று முன்னாலேயே தெரியுமா, எஞ்சினியர்?"

"தெரியும், மானா."

"அப்புறம் ஏன் அதற்குப் புதுத் தகரம் போட்டீர்கள்? அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் நின்றிருந்தால் கழுத்தை அறுத்திருக்குமே."

தச்சர் அடுத்த வாரம் அதை நீபா என்கிற பனையின் ஓலையில் போட்டுக் கொடுத்தார். செலவு குறைவு, அடியில் குளுமை, பறந்தாலும் யாருக்கும் அடிபடாது. ஊருக்குக் கிளம்புமுன் வரைபடத்தில் 'தகரம்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'ஓலை' என்று திருத்திக் கொடுத்தேன்.