வாரத்துக்கு 17 மணி நேரம்

ஆறு வாரமாக என் மேசை இழுப்பறையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அதில் அச்சு மெஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று மட்டும் எழுதி வருகிறேன். "பிளேட் வரவில்லை, 40 நிமிடம்." "புரூஃப் ஓகே ஆகவில்லை, ஒன்றரை மணி நேரம்." "பேப்பர் வெட்டி வரவில்லை, 25 நிமிடம்." பக்கம் பக்கமாக இப்படித்தான். (புரூஃப் என்றால், அச்சடிக்கும் முன் வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய மாதிரி.)

நான் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கும் ஷிஃப்ட் அட்டவணையும் பார்க்கிறேன். 11 வருடம் ஆயிற்று. மொத்தம் 19 பேர். மெஷின் பக்கம் ஆறு பேர், பைண்டிங்கில் ஐந்து, டிசைனில் நான்கு, அலுவலகத்தில் நான்கு. வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம்.

சில மாதம் முன்பு முதலாளி எங்கோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அஞ்சு நாள் வேலை, அதே சம்பளம். சில நாடுகள்ல கவர்ன்மென்டே பணம் கொடுத்து முயற்சி பண்ணிப் பாருன்னு சொல்லுதாம். நம்மால முடியுமா? ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கம்மா" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த மாதத்தில்தான் நல்ல மெஷின்மேன் ஒருவர் வேலையை விட்டிருந்தார். காரணம் கேட்டதற்கு, "பசங்க வளர்றதைப் பார்க்கவே முடியல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் இது சொந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறையாக இருந்ததே கிடையாது. அது துணி துவைக்கிற நாள், வாரத்துக்கான சாமான் வாங்குகிற நாள், அம்மாவின் மாத்திரைகளைப் பிரித்து வைக்கிற நாள். பைண்டிங்கில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். திங்கட்கிழமை காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் நான் எடுத்துப் பார்த்தது ரீபிரிண்ட் பதிவேட்டை. தப்பாக அடித்து மறுபடி அடித்த வேலைகள் அதில் இருக்கும். ஆறு மாதத்தில் 37 வேலைகள், அவற்றில் 13 ஆறாவது நாளில் நடந்தவை. எல்லா நாளும் ஒரே மாதிரி என்றால் ஆறு வந்திருக்க வேண்டும். சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் களைத்துப்போன கை நிறத்தைச் சரியாகப் பிடிக்காது என்று எங்கள் மெஷின்மேன் அண்ணன் பல வருடமாகச் சொல்லி வந்தது பதிவேட்டில் தெரிந்தது.

அப்புறம் மணிக்கணக்கு. மெஷின் பக்கம் ஆறு பேர், வாரத்துக்கு 48 மணி நேரம், மொத்தம் 288. அதை 40 ஆக்கினால் 240. பள்ளம் 48 மணி நேரம். டிசைனிலும் அலுவலகத்திலும் இந்தப் பள்ளத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். வேண்டாத பேச்சுகளைக் குறைக்கலாம், ஒரே கோப்பை நாலு தடவை அனுப்புவதை நிறுத்தலாம். மெஷினிடம் அந்தப் பேச்சு எடுபடாது. மணிக்கு இத்தனை தாள் என்றால் இத்தனை தாள்தான்.

அதனால்தான் அந்த நோட்டு. ஆறு வாரச் சராசரி எடுத்தால், ஆறு பேரும் சேர்ந்து வாரத்துக்கு 43 மணி நேரம் சும்மா காத்திருக்கிறார்கள். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. புரூஃப் நேரத்துக்கு வராததும், ஒவ்வொரு வேலைக்கும் விவரம் எழுதும் ஜாப் கார்டில் தாளின் அளவு எழுதாமல் விட்டதும், ஒரே நிற வேலைகளை அடுத்தடுத்து வைக்காமல் ஒவ்வொரு தடவையும் ரோலரைக் கழுவ வைத்ததும்தான் காரணம். அதாவது, அட்டவணை போடுகிற என் வேலையிலும், எனக்கு முந்தைய பிரிவுகளிலும் இருக்கும் குறைகள். இதில் 31 மணி நேரத்தை மீட்கலாம் என்று மெஷின்மேன் அண்ணனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 48-இல் 31 போனால் மிச்சம் 17.

வாரத்துக்கு 17 மணி நேரத்துக்கு ஆள் வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஒரு மெஷின்மேன் வாரம் இரண்டு நாள் வரத் தயாராக இருக்கிறார். 16 மணி நேரம் ஆயிற்று. மிச்சம் ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதானே, இதற்கு ஏன் அரசு பணம் தர வேண்டும் என்று தோன்றலாம். அந்த 31 மணி நேரம் முதல் நாளே கைக்கு வராது என்பதுதான் விஷயம். பழக்கம் மாற வேண்டும், வாடிக்கையாளர்கள் புரூஃபை முதல் நாளே பார்த்துக் கொடுக்கப் பழக வேண்டும். நான்கைந்து மாதமாவது ஆகும். அதுவரை பள்ளம் 17 இல்லை, 48-க்குப் பக்கத்தில். முதல் மாதமே ஓவர்டைமும் வெளி ஆளும் போட்டுச் சமாளிக்க வேண்டும். பெரிய கம்பெனி அதைத் தாங்கிவிடும். 19 பேர் இருக்கிற இடத்தில் இரண்டு மாத நஷ்டம் வந்தாலே முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். முயற்சி ஆறாவது வாரத்திலேயே நின்றுவிடும், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்ற பெயரும் நிலைத்துவிடும். அரசின் பணம் போக வேண்டிய இடம் இந்த முதல் சில மாதங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற நாடுகள் என்ன செய்தன என்று படித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய பிரெஞ்சு வழிதான். 1996-இல் வந்த ரோபியன் சட்டம். வேலை நேரத்தை 10 சதவீதம் குறைத்து, அதே 10 சதவீதம் புதிதாக ஆள் எடுத்தால், முதலாளி செலுத்தும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பில் முதல் ஆண்டு 40 சதவீதமும், அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு 30 சதவீதமும் தள்ளுபடி. ஏழு ஆண்டு என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. அவ்வளவு நாள் கொடுத்தால் உதவி என்பதே பழக்கமாகிவிடும். ஆனால் பணம் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையிலேயே கழிந்துவிடுகிறது. சம்பளப் பட்டியல் போடுகிற என் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கையில் காசு இருக்க வேண்டிய மாதத்திலேயே காசு இருக்கும். பின்னால் வந்த ஓப்ரி சட்டங்கள் 35 மணி நேரத்தையே சட்டப்படியான வார நேரமாக்கின. 20 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2000-இலும், சின்ன நிறுவனங்களுக்கு 2002-இலும் அது வந்தது. சின்னவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்களே, அதை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 2023-இல் ஒரு மசோதா வந்தது. 40 மணி நேரத்தைச் சம்பளம் குறைக்காமல் 32 ஆக்கிப் பார்க்கும் முதலாளிகளுக்கு வரிச்சலுகை. அது சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. வரிச்சலுகை என்ற வழியே எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவாக உதவாது. லாபம் இருந்தால்தானே வரி? அதுவும் ஆண்டு முடிந்து கணக்கை ஒப்படைத்த பிறகு. செலவு முதல் மாதத்தில், சலுகை அடுத்த வருடத்தில். சரியாக எந்த நேரத்தில் சின்ன நிறுவனம் தடுமாறுமோ, அந்த நேரத்தில் அந்தப் பணம் இருக்காது.

ஸ்பெயின் 2021-இல் 5 கோடி யூரோ திட்டம் என்று பேச ஆரம்பித்தது. கடைசியில் 2022 டிசம்பரில் வெளிவந்தது 1 கோடி யூரோ திட்டம். சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கு மட்டும். நேரத்தைக் குறைந்தது 10 சதவீதம் குறைக்க வேண்டும், சம்பளத்தில் கை வைக்கக் கூடாது, உற்பத்தித்திறனைக் கூட்டும் ஏற்பாடுகளையும் கூடவே செய்ய வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்குச் சரியாகவே படுகிறது. எங்கள் 43 மணி நேரத்தை யாரும் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்காவிட்டால் நான் எண்ணியிருக்கவே மாட்டேன். அதே ஸ்பெயினின் வலென்சியா பிராந்திய அரசு தன் பங்குக்கு, 32 மணி நேரத்துக்கு மாறும் நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்தது. முதல் ஆண்டு அதிகம், பிறகு படிப்படியாகக் குறையும். எங்கள் பள்ளமும் அப்படித்தானே, முதலில் ஆழம், போகப் போகக் குறைவு.

போர்ச்சுகல் 2023-இல் பணமே தரவில்லை. சுமார் 40 நிறுவனங்கள் விருப்பப்பட்டு வந்தன. எப்படி மாறுவது என்று வழிகாட்ட ஆட்களை மட்டும் அரசு கொடுத்தது. பிரிட்டனில் 2022-இல் ஆறு மாதம் நடந்த சோதனையிலும் அரசுப் பணம் இல்லை. 61 நிறுவனங்கள், சுமார் 2,900 பேர். முடிவில் 56 நிறுவனங்கள் தொடர்ந்தன. இதைக் காட்டி "பணமில்லாமலே நடக்கிறதே" என்று சிலர் வாதாடுகிறார்கள். தானாக முன்வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஒரு மீன் வறுவல் கடைகூட அதில் இருந்தது உண்மை. ஆனால் பெரும் பங்கு விளம்பரம், ஆலோசனை, மென்பொருள் என்று மேசை வேலை செய்கிற இடங்கள். எங்கள் டிசைன் பிரிவு மாதிரி. மெஷின் நிற்கக் கூடாத இடத்துக்கும், நோயாளியைத் தனியே விடக் கூடாத இடத்துக்கும் கணக்கு வேறு. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500 பேருக்கு மேல் 35, 36 மணி நேர வாரத்தைப் பார்த்தார்கள், நன்றாகவே நடந்தது. பிறகு அது பரவலானபோது, மருத்துவமனை ஷிஃப்ட்களுக்குக் கூடுதல் ஆட்களும், அதற்கான பணமும் தேவைப்பட்டன. இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

அரசுக்கு இப்படி மாதாமாதம் பணம் கொடுக்கத் தெரியாதா என்றால், தெரியும். ஜெர்மனியின் குர்ட்ஸ்ஆர்பைட் ஏற்பாட்டில், வேலை குறைந்து தொழிலாளி இழக்கும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசு ஈடு செய்கிறது. குழந்தை உள்ளவர்களுக்கு 67. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். நெருக்கடியில் வேலை போகாமல் காப்பதற்காக உருவான ஏற்பாடு அது. மணிக்கணக்கை எண்ணிப் பணம் அனுப்பும் வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெல்ஜியம் 2022-இல் நான்கு நாள் வாரம் வேண்டும் என்று கேட்கும் உரிமை கொடுத்தது. ஆனால் மொத்த மணி நேரம் அப்படியே, நாள்தான் நீளும். எங்கள் கணக்கில் 48-ஐ ஐந்து நாளில் அடைத்தால் நாளைக்கு 9 மணி 36 நிமிடம். மெஷின்மேன் அண்ணனுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எட்டாவது மணியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். "ஏம்மா, லீவு கொடுத்துட்டு மத்த நாள்ல பிழிஞ்சு எடுத்துட மாட்டீங்களே?" என்று அவர் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அது நியாயமான சந்தேகம். அரசுப் பணம் எங்கே போனாலும், மணி நேரம் உண்மையாகவே குறைய வேண்டும், சம்பளம் குறையக் கூடாது, இந்த இரண்டையும் தொழிலாளியிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். முதலாளியின் கையெழுத்து மட்டும் போதாது. இதை முதலாளியிடம் சம்பளம் வாங்கும் நானே சொல்கிறேன்.

தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை 1919-இல் வகுத்தது. 40 மணி நேரத்துக்கான உடன்படிக்கை 1935-இலேயே வந்துவிட்டது. எங்கள் அட்டவணை இன்னும் முதலாவதில்தான் நிற்கிறது.

கணக்கை முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "17 மணி நேரம் பரவாயில்ல. முதல் ஆறு மாசத்தை யார் தாங்குறது?" என்றார். எங்களுக்கு அப்படி உதவித் திட்டம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு மெஷினில் மட்டும், மூன்று மாதத்துக்கு, தன் கைக்காசில் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மெஷின்மேன் அண்ணனுக்கும் அவருடைய உதவியாளருக்கும் ஐந்து நாள் வாரம்.

எந்த நாள் வேண்டும் என்று அண்ணனைக் கேட்டேன். "புதன் கொடும்மா. முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அன்னைக்குத்தான் வர்றார். டாக்டர் ரெண்டு வருஷமா போகச் சொல்லிட்டு இருக்கார்" என்றார். அட்டவணையில் புதன் கட்டத்தில் அவர் பெயருக்கு நேராக விடுப்பு என்று எழுதி, பக்கத்தில் ஓய்வு பெற்ற மெஷின்மேனின் பெயரை எழுதினேன்.

இரண்டாவது மெஷினில் இருப்பவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்களுக்கு எப்பக்கா?" என்று ஒருவர் கேட்டார். அவர்களுடைய ஆறு கட்டங்களையும் பழையபடியே நிரப்பினேன்.