புதுச்சேரியில் வேலை பார்த்த நகஷிமா

ஜார்ஜ் நகஷிமாவின் மேசைகளைப் படத்தில் பார்த்தாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடும். மற்றவர்கள் அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருப்பார்கள். அவர் அதை அப்படியே விட்டு, குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் வெட்டிய சின்னக் கட்டைகளைப் பதித்து, மேலும் பிளக்காமல் பிடித்துக்கொள்வார். ஓரத்தையும் நேராக அறுக்காமல் மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டுவிடுவார்.

1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்தில் சேர்ந்து, அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்தார், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட. அந்த விடுதிக்குத் தேக்கில் மரச்சாமான்களும் வடிவமைத்தார். ஆசிரமத்திலேயே சீடராகத் தங்கியவருக்கு அரவிந்தர் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்.

அப்புறம் அமெரிக்கா திரும்பினார். ஜப்பானோடு போர் வந்தது. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942இல் மனைவி, கைக்குழந்தை மீராவோடு ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா தடுப்பு முகாமில் அடைத்தார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! அங்கேதான் கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவிகளின் நுணுக்கத்தைக் கற்றார். மறுவருடம் ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார்.

1990இல் அவர் இறந்த பிறகு பட்டறையை நடத்துவது அதே மீராதான். உலக அமைதியை வேண்டி அந்தப் பட்டறை செய்த ‘அமைதி மேசை’ ஒன்று ஆரோவில்லில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.