பிலிம் கழுவ ஒரு பாட்டில் இன்ஸ்டன்ட் காபி

எங்கள் வீட்டில் காபி விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. அத்தையின் கட்சி பழமையானது. பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்னும் இரு வகைக் காபிக்கொட்டைகளைக் கலந்து, அளவாகச் சிக்கரி சேர்த்து, கண்ணெதிரே அரைத்து வாங்கிய தூள், பித்தளை பில்டர், முதல் டிகாக்‌ஷன், டவரா டம்ளர். என் கட்சியில் நான் ஒருத்திதான். ஏற்காட்டு அராபிகா கொட்டை, கையால் சுற்றும் அரவை இயந்திரம், காபி வடிகட்ட வி60 என்னும் ஜப்பானியக் கூம்பு, நீண்டு வளைந்த மூக்குடைய கெட்டில், கிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசு. பால் கலக்காத என் கோப்பையை முதலில் பார்த்தபோது அத்தை, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார்.

இரு கட்சிகளும் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றே ஒன்று: இன்ஸ்டன்ட் காபி இந்த வீட்டுப் படியேறக் கூடாது.

என் காபிக்கு 15 கிராம் தூள், 240 மில்லி வெந்நீர். முதலில் கொஞ்சம் நீர் ஊற்றிவிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு அப்போதுதான் நுரைத்து வெளியேறும். அந்த அரை நிமிடத்தில்தான் சின்னவனின் ஒரு காலுறை காணாமல் போகும், பெரியவளுக்கு இன்று சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்பது நினைவுக்கு வரும். பள்ளி வேனை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் காபி ஆறிப்போயிருக்கும். நல்ல வேளையாக, இந்த வகைக் காபியின் பழச்சுவைகள் ஆற ஆறத்தான் தெளிவாகத் தெரியும். சுவை பார்த்து மதிப்பெண் போடுபவர்களே ஆறவிட்டுத் திரும்பத் திரும்ப உறிஞ்சிப் பார்ப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பானம் கிடையாது.

இன்னொரு பித்து, புகைப்படம். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்னும் புகைப்படத் திருவிழா பிடித்துவைத்த பேய் அது. கருப்பு வெள்ளை பிலிமைப் போட்டுக்கொண்டு, வீடு தூங்கும் ஞாயிறு விடியலில் பெரம்பூரிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். ஐஸ்கட்டியில் விழும் வெளிச்சம், ஈரத் தரையில் கயிற்றின் நிழல், ஏலம் விடுபவரின் விரல்கள் என்று எடுப்பேன். படங்களைப் பார்த்த என் கணவர், "ஆள் முகமே இல்லையே" என்றார். அத்தைக்கோ காசிமேடு வரை போய் மீன் வாங்காமல் திரும்பும் மருமகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே புரியவில்லை. 1950இல் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் வந்து படமெடுத்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். சரியான கணத்துக்காகக் காத்திருப்பதில் அவர் பெரிய ஆள். அவருக்கு வீட்டில் இட்லிக்கு யாரும் காத்திருக்கவில்லை.

பிலிமை வெளியே கழுவக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் கேஃபனால் கண்ணில் பட்டது. 1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்பவர் மாணவர்களோடு சேர்ந்து செய்துகாட்டிய வித்தை: காபியையே டெவலப்பராக, அதாவது பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலாக வைத்துப் பிலிம் கழுவுவது. வேலை செய்வது காபியில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள். காஃபினுக்கு இதில் பங்கில்லை. சலவை சோடா காரத்தைக் கொடுக்கும், வைட்டமின் சி வேகத்தைக் கூட்டும். என் இரு பித்தும் ஒரே குவளையில் சேரப்போகின்றன என்று துள்ளியவளுக்கு அடுத்த வரி இடியாக இறங்கியது. இதற்கு ஏற்றது ரொபஸ்டா என்னும் மலிவு வகைக் கொட்டை கலந்த மட்டமான இன்ஸ்டன்ட் காபி. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய என் கொட்டைகளுக்கு அங்கே வேலையே இல்லை.

"அண்ணாச்சி, இருப்பதிலேயே விலை குறைந்த இன்ஸ்டன்ட் காபி கொடுங்கள். சிக்கரி கலந்திருக்கக் கூடாது."

"அக்கா, வீட்டுக்கு வேண்டாத விருந்தாளியா?"

"அப்படியே சலவை சோடா அரை கிலோ."

அண்ணாச்சி அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. விருந்தாளிக்காக வருத்தப்பட்டிருப்பார். வைட்டமின் சி-க்கு மருந்துக் கடையில் ஆரஞ்சு மணக்கும் மாத்திரை தந்தார்கள். பொடியாக வேண்டும் என்பதால் பாரிமுனை வரை போக வேண்டியதாயிற்று.

மறைத்து வைத்த பாட்டிலை அத்தை கண்டுபிடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது. கூடத்தின் நடுவில் அதை வைத்துவிட்டு, "இது யார் வேலை?" என்றார்.

"பிலிம் கழுவ, அத்தை."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் சரி. அது அதற்குத்தான் லாயக்கு."

மாமா மட்டும் சமையலறைப் பக்கமாக வந்து, "கழுவியது போக ஏதாவது மிஞ்சுமா?" என்று மெல்லிய குரலில் விசாரித்தார்.

கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் அரிசி ஊறவைத்தால் பாதி வெந்துவிடும். பிள்ளைகளின் பழரசத்துக்கு வைத்திருந்த ஐஸ்கட்டிகளெல்லாம் என் வாளிக்குள் போயின. பிலிமை ரீலில் சுற்ற முழு இருட்டு வேண்டும். ஜன்னல் இல்லாத குளியலறையில் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்வாரியமும் ஒத்துழைத்து அந்நேரம் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியது. பெரம்பூரில் அதற்காக மகிழ்ந்தவள் நானாகத்தான் இருப்பேன். அந்த இருட்டில், கதவுக்கு அப்பாலிருந்து சின்னவன்:

"அம்மா, ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கட்டுமா?"

விரல் நுனியால் பிலிமின் ஓரத்தைத் தேடிக்கொண்டே கேட்டேன். ஒன்பதேழு அறுபத்து நான்கு என்றான். திருத்தினேன். அதற்குள் பிலிம் ரீலிலிருந்து வழுவியது. மறுபடி முதலிலிருந்து, பிலிமும் வாய்ப்பாடும்.

பிறகு எல்லாம் என் காபிப் பழக்கம்தான். லிட்டருக்கு 40 கிராம் காபி, 54 கிராம் சலவை சோடா, 16 கிராம் வைட்டமின் சி என்ற கணக்கை அரை லிட்டருக்குப் பாதியாக்கி அதே தராசில் நிறுத்தேன். பிலிம் கரைசலில் இருக்க வேண்டிய 15 நிமிடத்தையும் தராசிலிருக்கும் கடிகாரமே எண்ணியது. வாசனையை மட்டும் எந்தச் செய்முறையும் முழுமையாகச் சொல்வதில்லை. கூவக் கரையில் யாரோ காபிக்கடை திறந்ததுபோல இருந்தது. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதா என்று கேட்டுக் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார்.

படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் ஊறவைத்து, அலசி, பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். படங்கள் விழுந்திருந்தன! கொஞ்சம் பழுப்பேறிய பின்னணியில் ஏலக்காரரின் விரல்கள், கயிறு, ஐஸ். பிலிமின் கடைசியில், தீர்க்க வேண்டுமே என்று வீட்டில் எடுத்தவை.

அத்தை வந்து நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டம்ளரும் கையுமாக அவர் சிரிக்கும் படத்தில் கண் நின்றுவிட்டது.

"தலை நன்றாகக் கறுப்பாக இருக்கிறதே!"

"இது நெகட்டிவ், அத்தை. எல்லாம் தலைகீழாகத் தெரியும். பிரிண்ட் போட்டால் சரியாகிவிடும்."

"ஒன்றும் சரியாக வேண்டாம். இதையே பெரிதாகப் போட்டுக் கொடு."

மாமா எட்டிப் பார்த்தார். "பல்லைப் பார்த்தாயா?"

அன்று மாலை அத்தை அவருக்கு இன்ஸ்டன்ட் காபிதான் கொடுத்தார். தண்டனை பெற்றவர் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை.