சகாரவுக்குள் ஒளிந்திருக்கும் எகரம்

பழைய கிரேக்கத்தில் செயல் முடிந்த நிலையைச் சொல்ல, வேரின் முதல் மெய்யை இன்னொரு முறை முன்னால் ஒட்டுவார்கள். லெய்போ என்றால் விடுகிறேன், லெலொய்ப என்றால் விட்டிருக்கிறேன். ஒட்டில் வரும் உயிர் எகரம்தான். சமஸ்கிருதத்திலோ வேரில் இகரம் இருந்தால் ரிரேச, உகரம் இருந்தால் புபோத என்று அது மாறும். சரி, இரண்டுக்கும் பொதுவான தாய்மொழியான மூல இந்தோ-ஐரோப்பியத்தில் எது இருந்தது?

எனக்குப் பிடித்த சாட்சி சமஸ்கிருதச் சொல்லான சகார, அதாவது 'செய்தான்'. வேர் க்ரு, அப்படியானால் ககார என்றுதானே வரவேண்டும், அந்தச் சகரம் எங்கிருந்து முளைத்தது? அங்கே ஒருகாலத்தில் எகரம் இருந்து, பக்கத்துக் ககரத்தைச் சகரமாக்கிவிட்டு, பிறகு தானும் அகரமாகிவிட்டது. ஆள் போயாச்சு, கைரேகை மிச்சம். ஆக கிரேக்க எகரம்தான் பழையது, ரிரேச, புபோத எல்லாம் பிற்பாடு வேரின் உயிரைப் பார்த்து மாற்றிக்கொண்டவை.

அப்புறம் கிரேக்க ஃபெவ்கோ, 'தப்பி ஓடுகிறேன்'. அது பெஃபெவ்க ஆகும்போது ஒட்டில் வெறும் பகரம்தான் வருகிறது, ஏனென்றால் அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலி (இங்கே ஃப போல, மூச்சு கலந்து வரும் மெய்) வந்தால் முதலாவது மூச்சை இழக்கும். 1863-இல் இதை விளக்கிய ஹெர்மன் கிராஸ்மன் பள்ளிக்கூட வாத்தியார், நேரியல் இயற்கணிதத்துக்கு வழிபோட்டவரும் அவரேதான். அந்தக் கணக்கை அன்று பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை, மனிதர் ரிக்வேதத்துக்கு அகராதி போடப் போய்விட்டார்.