கேட்-ஜி நொதியும் 315ஆம் இடமும்: ஆனர்ஸ் வாய்மொழித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆனர்ஸ் (இளங்கலைக்குப் பிந்தைய ஓராண்டுப் படிப்பு) படித்த ஆண்டில், புரதம் போன்ற மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராயும் அமைப்பு உயிரியலின் மாதிரி வாய்மொழித் தேர்விலேயே நான் திணறிப்போனேன். காசநோய்க் கிருமியின் கேட்-ஜி நொதிதான் எனக்குத் தரப்பட்ட பொருள். புரதச் சங்கிலியின் கண்ணிகளாக 740 அமினோ அமிலங்கள், 2004இல் வெளியான படிக அமைப்பு (எக்ஸ் கதிரால் கண்ட முப்பரிமாண வடிவம்), அதன் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கம் வரை தெரிகிறது என்ற அளவு, 2.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என எல்லாம் மனப்பாடம். "இந்தப் பிரிதிறனில் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். தவறு, அவை தெரியா. அதற்கு ஏறக்குறைய 1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குத் தெளிவு வேண்டும். எண் குறையக் குறையத் தெளிவு கூடும்; இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு ஆய்வுக் கட்டுரையை மூடிவிட்டு, புரதத் தரவு வங்கியிலிருந்து இந்த நொதியின் வடிவக் கோப்பை இறக்கி, அதைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்தேன். நொதியின் உள்ளே, வினை நடக்கும் இடத்தில், இரும்பு கொண்ட ஹீம் என்ற பகுதி. அதை நோக்கி ஓர் ஒடுக்கமான வழி. வழியோரத்தில், சங்கிலியின் 315ஆம் இடத்தில், செரின் என்ற அமினோ அமிலம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரை தானாக வேலை செய்யாது. கேட்-ஜி அதைத் தூண்டிவிட்ட பிறகுதான் அது செல்லுக்குள் இருக்கும் என்ஏடி என்ற துணை மூலக்கூறுடன் சேர்ந்து இன்ஹா என்ற இன்னொரு நொதியை முடக்குகிறது. கிருமியின் சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலம் நின்றுபோகிறது. செரின் இருந்த இடத்தில் மரபணு மாற்றத்தால் த்ரியோனின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்தால் கூடுவது ஒரே ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும்). அதற்கே வழி குறுகிவிடுகிறது, மருந்து வீணாகிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டில் ஆயாவிடம் இதைத் தமிழில் சொன்னேன். ஆறு மாதம் அந்த மாத்திரையை விழுங்கியவர் அவர். "வழி குறுகினால் கிருமிக்கும் கஷ்டம்தானே, கண்ணு? அது எப்படிப் பிழைக்கிறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவே மறுபடியும் கணினி முன் உட்கார்ந்தேன். இந்த நொதி கிருமிக்காகச் சிதைக்கும் நச்சான ஹைட்ரஜன் பெராக்சைடு மிகச் சிறியது. குறுகிய வழியிலும் நுழைந்துவிடும். ஐசோனியாசிட் பெரியது. கிருமி தன் காவலைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு மருந்தை மட்டும் அண்டவிடாமல் செய்கிறது. ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமிகளில் இந்த மாற்றம் ஏன் இத்தனை பரவலாக இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. உண்மைத் தேர்வில் என்னை அதிக நேரம் பேசவைத்ததும் இந்தப் பகுதிதான்.

இந்தத் துறை நமக்கு எட்டாதது என்று ஒதுங்காதீர்கள். 1982இல் வேதியியல் நோபல் பெற்ற ஆரன் க்ளூக் நம் டர்பனில் பள்ளிப்படிப்பு முடித்தவர். எக்ஸ் கதிர்ப் படிகவியலைக் கற்றது கேப்டவுனில்.

கோப்பையும் மென்பொருளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு வந்தால் இணையமும் போய்விடும். அப்படி இருண்ட மாலைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஹீமையும் 315ஐயும் அவற்றின் சுற்றத்தையும் பென்சிலால் வரைந்து பழகினேன். தேர்வறைப் பலகையில் என் கை தடுமாறாமல் ஓடியதற்கு அதுதான் காரணம்.